அக்குபங்சர் போர்டும் உள்ளே நடப்பதும்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று நம் பக்கம் எந்த டவுனுக்குப் போனாலும், மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் எங்காவது ஓர் அக்குபங்சர் போர்டு தொங்கிக்கொண்டிருக்கும். கீழே "மருந்தில்லா மருத்துவம்" என்று ஒரு வரி. உள்ளே போய் வந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும். உடம்பு பூரா ஊசி குத்தினாங்க என்பார் ஒருவர். ஊசியே கிடையாதுங்க, கையைப் பிடிச்சு நாடி பார்த்தாங்க, அப்புறம் ஒரே ஒரு எடத்துல விரலை வெச்சு எடுத்தாங்க, அவ்வளவுதான், போயிட்டு அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் இடுப்பு வலிக்குப் பிசியோதெரபிக்குப் போயிருப்பார், அங்கே நாலு ஊசியைக் குத்தி அதில் சன்னமாகக் கரண்ட் வைத்ததைச் சொல்வார்.

மூன்று பேர் சொல்வதும் நிஜம்தான். ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் "அக்குபங்சர் நல்லதா, ஏமாத்து வேலையா" என்று சண்டை போடுவதில் பிரயோஜனமே இல்லை, ஏனென்றால் சண்டை போடுகிற இரண்டு பேரும் பெரும்பாலும் வேறு வேறு வைத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மூலம் சீனாவில் இருக்கிறது. ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய மருத்துவத் தொகுப்பு, சுமார் 2,000 வருடத்துக்கு முந்தையது, அதில்தான் இந்த வைத்தியத்தின் அடிப்படைகள் முறையாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. உடம்பில் "ச்சீ" என்றொரு உயிராற்றல் ஓடுகிறது, அது ஓட 12 முக்கியப் பாதைகள் உண்டு, அதோடு உடம்பின் முன்புறமும் பின்புறமும் நடுக்கோட்டில் இன்னும் 2 பாதைகள், இந்தப் பதினாலின் மேலும் வரிசையாகப் புள்ளிகள். 2008இல் உலக சுகாதார நிறுவனம் இடம் குறித்து வெளியிட்ட கணக்குப்படி மொத்தம் 361 புள்ளிகள். அந்தப் பழைய நூல் 12 பாதைகளையும் சீனாவின் 12 ஆறுகளோடு ஜோடி சேர்த்தே பேசுகிறது. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நடுவில் ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டால் மேல் வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும், கடைமடை காய்ந்து கிடக்கும், மடையைச் சரிபண்ணினால் இரண்டும் தீரும். நோயும் இப்படித்தான், வலி இருக்கிற இடம் ஒன்று, அடைப்பு இருக்கிற இடம் வேறொன்று, அதனால்தான் தலைவலிக்குக் காலில் ஊசி குத்துகிறார்கள்.

அழகான கற்பனை. ஆனால் உடம்பை அறுத்துப் பார்த்தால் நரம்பு தெரிகிறது, ரத்தக்குழாய் தெரிகிறது, இந்தப் பாதைகள் தெரிவதில்லை. இதை மறைக்கவும் வேண்டாம், இதை மட்டும் வைத்து மொத்தத்தையும் தூக்கிப் போடவும் வேண்டாம். விளக்கம் தப்பாக இருந்தும் வேலை செய்த வைத்தியங்கள் உலகத்தில் நிறைய உண்டு. வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நோட்டீசில் போடுகிற "5,000 வருடமாக இடைவிடாமல்" என்பதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். சீனாவிலேயே 1822இல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கல்விச்சாலையில் அக்குபங்சரை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1929இல் அங்கே இருந்த தேசியவாத அரசு பாரம்பரிய வைத்தியத்தையே ஒழித்துக்கட்டப் பார்த்தது, வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாக எதிர்த்ததால் அது நடக்கவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியது மாவோ காலத்து அரசாங்கம்தான். கோடிக்கணக்கான ஜனம், படித்த டாக்டர்களோ கொஞ்சப் பேர், என்ன செய்வது? கிராமத்து இளவட்டங்களுக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து, கையில் ஊசியும் சில மருந்துகளும் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள்தான் 1960களின் கடைசியில் பேர் வாங்கிய "வெறுங்கால் மருத்துவர்கள்". இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் அக்குபங்சர் பெருமளவுக்கு அந்தக் காலத்தில் வெட்டி ஒட்டி ஒழுங்கு செய்யப்பட்ட பாடத்திட்டம்.

மேல்நாட்டுக்குப் போனது ஒரு குடல்வால் ஆபரேஷனால். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீகிங்கில் இருந்தபோது குடல்வால் வீங்கி ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்த இரண்டாவது ராத்திரி வயிறு உப்பி வலித்தபோது ஊசி குத்தினார்கள், மூலிகையைக் கொளுத்தி வயிற்றுக்குப் பக்கத்தில் சூடு காட்டினார்கள், தேவலையாகிவிட்டது என்று எழுதினார். மறுவருடம் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனா போனார், அமெரிக்காவில் இது பெரிய பேச்சாகிவிட்டது. ஆபரேஷனே ஊசி குத்தித்தான் நடந்தது என்று இன்றைக்கும் மேடைகளில் சொல்கிறார்கள். அது தப்பு, ஆபரேஷனுக்கு வழக்கமான மரத்துப்போகும் ஊசிதான் போட்டார்கள், ரெஸ்டனே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

நமக்கு அது வந்த வழி வேறு. 1938இல் ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு உதவ காங்கிரஸ் கட்சி ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அதில் ஒருவர் அங்கேயே 1942இல் இறந்துபோன துவாரகநாத் கோட்னிஸ், இன்னொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த பிஜோய் குமார் பாசு. பாசு 1950களின் கடைசியில் திரும்பப் போய் அக்குபங்சரைக் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார். மேற்கு வங்கத்தில் இதற்கென்று 1996இலேயே தனிச் சட்டம் வந்ததற்கு அந்த வேர் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்கு வந்தபின் அது எடுத்த உருவம்தான் சுவாரஸ்யம். இங்கே ஊசி மெதுவாகக் கழன்று விழுந்தது. நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து விரலால் தொடுகிற முறை, சிகிச்சை தருகிறவருக்கு "ஹீலர்" என்று பெயர், உடலில் தேங்கிய கழிவுதான் எல்லா நோய்க்கும் காரணம் என்கிற தத்துவம், பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, நேரத்தில் தூங்கு என்கிற வாழ்க்கை முறை, எல்லாம் சேர்ந்து ஒரு புது இயக்கமாகவே ஆகிவிட்டது. சிகிச்சையகச் சுவரில் இருக்கும் படத்தைக் கவனித்துப் பாருங்கள். சீனர்களின் ஐந்து மூலங்கள் மரம், நெருப்பு, நிலம், உலோகம், நீர். நம்மூர்ப் படங்கள் பலவற்றில் உலோகத்தின் இடத்தில் காற்றும் மரத்தின் இடத்தில் ஆகாயமும் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் நமக்குப் பஞ்சபூதம் என்றால் அதுதான். நாடியும் அப்படியே. சீனர்கள் ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து மேலாகவும் ஆழமாகவும் பார்ப்பார்கள், சித்த வைத்தியரும் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பார். அதனால் ஊரில் யாருக்கும் இது அந்நியமாகப் படவில்லை. சுளுக்கு வழித்தும் குழந்தைக்கு உரம் எடுத்தும் பழகிய ஜனம், தொட்டால் சரியாகும் என்பதைச் சட்டென்று ஏற்றுக்கொண்டது.

உண்மையான ஊசி முறையில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், பயம்தான் பாதிப் பேரை நிறுத்தி வைக்கிறது. ஊசி ஸ்டீல், கால் மில்லிமீட்டர் தடிமன், நடுவில் ஓட்டை கிடையாது, மருந்தும் ஏறாது. சாதாரண ஊசி மருந்து போடும் ஊசி இதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டுவார்கள், சுருக்கென்று ஒரு நொடி, அவ்வளவுதான். அப்புறம் அதை லேசாகத் திருகும்போது குத்தின இடத்தைச் சுற்றி ஒரு கனம், மதமதவென்று ஒரு வலி போலவும் வலி இல்லாதது போலவும் இருக்கும், அது வந்தால்தான் சரியான ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று பழைய வைத்தியர்கள் கணக்கு. அப்படியே 20 நிமிடமோ அரைமணி நேரமோ படுத்திருக்க வேண்டும்.

புள்ளியைக் கண்டுபிடிப்பதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. உங்கள் உள்ளங்கையை மேலாகத் திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இன்னொரு கையின் மூன்று விரலைச் சேர்த்து வையுங்கள், மூன்றாவது விரலுக்கு மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் நெய்குவான் என்கிற புள்ளி. குமட்டலுக்கும் வாந்திக்கும் அதுதான் பிரசித்தம். அளவு ஸ்கேலில் இல்லை, அவரவர் விரலில்தான், குழந்தைக்குக் குழந்தையின் விரல், ஆறடி ஆளுக்கு அவர் விரல். நம் சித்த, வர்ம வைத்தியத்தில் விரற்கடை என்று அளப்பதும் இதே வழக்கம். ஆபரேஷன் மயக்கம் தெளிந்தபின் வரும் வாந்திக்கு இந்த ஒரு புள்ளியை வைத்து நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது, வாந்தி மருந்துகளுக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்கிறது என்பதுதான் 2015இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின் (நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது) முடிவு. வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் அழுத்திப் பார்க்கலாம், செலவில்லாத வேலை.

சரி, வலிக்கு வருவோம். நம் பக்கத்து ஜனம் அக்குபங்சர் தேடிப் போவது முக்கால்வாசி வலிக்குத்தான். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கிறவருக்குக் கழுத்து, நின்றே வெட்டுகிற கட்டிங் மாஸ்டருக்கு இடுப்பு, நாமக்கல் லாரி டிரைவருக்கு முதுகு, ஐம்பது தாண்டிய அம்மாக்களுக்கு மூட்டு. இதில் அக்குபங்சர் எவ்வளவு உதவும் என்பதற்கு ஜெர்மனியில் இன்சூரன்ஸ் அமைப்புகளின் பணத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது, 2007இல் முடிவு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முறையான அக்குபங்சர். இரண்டாவது கூட்டத்துக்கு டம்மி, அதாவது புள்ளியே இல்லாத இடத்தில் மேலாகக் குத்தினார்கள், அது டம்மி என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்றாவது கூட்டத்துக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான வைத்தியம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நன்றாகத் தேறியவர்கள் முறையான ஊசியில் 47.6 சதவீதம், டம்மி ஊசியில் 44.2, வழக்கமான வைத்தியத்தில் 27.4.

இந்த மூன்று எண்களுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. அக்குபங்சரை ஆதரிப்பவர் முதலாவதையும் மூன்றாவதையும் காட்டுவார், பாருங்க, இங்கிலீஷ் வைத்தியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! எதிர்ப்பவர் முதல் இரண்டைக் காட்டுவார், எங்கே குத்தினாலும் ஒன்றுதான், அப்புறம் எதற்குப் பாதை, புள்ளி, பத்து வருடப் படிப்பு? என் கணக்கில் இரண்டு பேரும் சரி. வலிக்காரருக்குப் பலன் கிடைக்கிறது, அந்தப் பலனில் பெரும்பகுதி சரியான புள்ளியால் வரவில்லை. 2016இல் ஒற்றைத் தலைவலி பற்றி வந்த காக்ரேன் மதிப்பாய்விலும் இதே சங்கதிதான், 22 சோதனைகள், ஏறக்குறைய 5,000 பேர், முறையான ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி பாதிக்கு மேல் குறைந்தது, டம்மி ஊசியில் 41 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்னது. 2018இல் 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வும், முதுகு, கழுத்து, தோள், முழங்கால், தலைவலி இவற்றில் டம்மியைவிடக் கொஞ்சம் மேல், ஒன்றும் செய்யாததைவிட நன்றாகவே மேல் என்றுதான் சொன்னது.

டம்மி ஊசி ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? ஊசி எங்கே குத்தினாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை, வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் சுரக்கிறது, 2010இல் எலிகளில் செய்த ஆய்வில் குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடி வலி குறைந்தது தெரிந்தது. அதோடு, நாம் வைத்தியரிடம் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது, இடுப்பு வலியின் குணமே ஏறி இறங்குவது, சும்மா இருந்தாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். எல்லாவற்றையும் விட, பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மூன்று நிமிடம் டாக்டர் முகத்தைப் பார்த்து வருகிற மனுஷருக்கு, ஃபேனுக்குக் கீழே அரைமணி நேரம் படுக்க வைத்து, தூக்கம் வருதுங்களா, வயிறு சரியாப் போகுதுங்களா என்று ஒருவர் நிதானமாகக் கேட்பதே பாதி வைத்தியம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகள் இதைக் கற்றுக்கொள்ளாத வரைக்கும் இந்த போர்டுகள் பெருகிக்கொண்டேதான் இருக்கும்.

எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை கொடுக்கலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு படும் பாட்டைப் பார்த்தாலே இதன் நிலவரம் புரிந்துவிடும். 2009இல் இடுப்பு வலிக்கு அக்குபங்சர் கொடுக்கலாம் என்றார்கள், 2016இல் டம்மியோடு வித்தியாசம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள், 2021இல் காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று திரும்ப ஒரு வாசல் திறந்தார்கள்.

இதுவரை சொன்ன ஆதாரம் எல்லாம் ஊசிக்கு. விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு எடுக்கிற நம்மூர் முறைக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. மேடையில் ஜெர்மனி ஆய்வைக் காட்டிவிட்டு உள்ளே தொடு சிகிச்சை செய்வது சரியான வியாபாரம் இல்லை.

அப்புறம் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா, கிட்னி, கேன்சர் என்று நோட்டீசில் வரிசையாகப் போடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இவற்றைக் குணமாக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. கேன்சர் சிகிச்சையில் வரும் குமட்டலுக்கு உதவும் என்பது வேறு, கேன்சரைக் குணமாக்கும் என்பது வேறு. மாத்திரைதான் விஷம், எல்லாத்தையும் நிறுத்துங்க, அப்புறம் உடம்பு தானே சரிபண்ணிக்கும் என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. நிறுத்தியபின் காய்ச்சலோ கொப்புளமோ தலைசுற்றலோ வந்தால் கழிவு வெளியேறுதுங்க, நல்லதுதான் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். குறைந்தால் சிகிச்சை ஜெயித்தது, கூடினால் கழிவு வெளியேறுகிறது, இந்தக் கணக்கில் வைத்தியம் தோற்க வழியே இல்லை, தோற்பது நோயாளி மட்டும்தான். சின்ன வயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் இறந்ததும், அடுத்த சில நாட்களில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்தவரைக் கோவையில் கைது செய்ததும் நினைவிருக்கும். அங்கே ஊசி எதுவும் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்கிற அந்த மனநிலை இந்த வட்டாரத்திலும் நன்றாகவே புழங்குகிறது.

ஊசி முறையில் ஆபத்து குறைவு, இல்லாமல் இல்லை. 2001இல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வில் 34,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் பெரிய விபரீதம் ஒன்றுகூட இல்லை, மயக்கம், ரத்தக்கட்டு, குமட்டல் மாதிரிச் சில்லறைத் தொந்தரவுகள்தான். ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். தெரியாத கை நெஞ்சிலோ தோள்பட்டையிலோ ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும். கழுவித் திரும்பப் பயன்படுத்திய ஊசியால் மஞ்சள் காமாலை கிருமி பரவிய சம்பவங்கள் வெளிநாட்டில் பதிவாகியிருக்கின்றன, அதனால் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா, நம் கண் முன்னால் உறையைப் பிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூலிகை கொளுத்திச் சூடு காட்டும் முறையில் (அந்தச் செடி நம் மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடிதான்) சர்க்கரைக்காரர்கள் காலைக் காட்டவே கூடாது, உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் தோல் வெந்தாலும் தெரியாது.

யாரிடம் போவது என்பதற்கு அரசாங்கத்தின் பதில் அரைகுறைதான். 2003 நவம்பரில் மத்திய அரசு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது, 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது. மேற்கு வங்கத்திலும் மகாராஷ்டிரத்திலும் தனிச் சட்டம் இருக்கிறது, பதிவு எண் கேட்டுச் சரிபார்க்கலாம். நம் மாநிலத்தில் அப்படித் தனிச் சட்டம் இல்லாததால் சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட் ஐந்தரை வருடப் படிப்பா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பா என்று ஃப்ரேமைப் பார்த்துச் சொல்ல முடியாது. பி.என்.ஒய்.எஸ். என்கிற இயற்கை மருத்துவப் பட்டம் படித்தவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே அக்குபங்சர் உண்டு, உடற்கூறும் படித்திருப்பார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து இதையும் கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். எங்கே படிச்சீங்க, எத்தனை வருஷம், என்னோட மாத்திரையை என்ன பண்றது என்று மூன்று கேள்வி கேளுங்கள், மூன்றாவதற்கு "நிறுத்திடுங்க" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இடுப்பு வலியோடு காய்ச்சல், எடை குறைவு, கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு போவது மாதிரி ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், ஸ்கேன், அப்புறம்தான் ஊசி. அதெல்லாம் இல்லாத பழைய வலிக்கு, நடக்கிற நடையையும் செய்கிற உடற்பயிற்சியையும் விடாமல், கூடுதலாக இதையும் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. தலைவலிக்கு நைஸ் சொல்வது ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் அதிகபட்சம் பத்துத் தடவை. முதல் நாளிலிருந்தே தலை வலித்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், பத்து முடிந்தபின் இன்னும் இருபதுக்குப் பேக்கேஜ் போட்டுக்கலாமுங்க என்று நீட்டினால் அந்தக் காலண்டரை எடுத்து அவர் முன்னால் வைத்து வட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்.